கப்பல்காரர் பதில்கள்: எந்த மொழியில் திட்டினால் பாவம்?

போன இதழில் ஒரு தாய் கேட்டிருந்தார். பிளஸ் டூ படிக்கும் மகன் வீடியோ கேம் ஆடும்போது இங்கிலீஷில் கெட்ட வார்த்தை சொல்கிறான், கண்டித்தால் "தமிழ்ல சொன்னாத்தாம்மா தப்பு" என்கிறான், என்ன செய்வது என்று. "அந்த வார்த்தைக்கு உங்கள் முன்னால் நின்று தமிழில் அர்த்தம் சொல்லச் சொல்லுங்கள், அப்புறம் பேசுவோம்" என்று இரண்டு வரியில் முடித்திருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நானும் நினைக்கவில்லை, ஆசிரியரும் நினைக்கவில்லை. அதனால் இந்த மாதம் பாஸ்போர்ட், முழங்கால் வலி, மகளுக்கு வரன் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு, திட்டும் சத்தியமும் மட்டும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் தூத்துக்குடிக்காரன். பனிமய மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவன். சரக்குக் கப்பலில் பல வருஷம் வேலை பார்த்து, டெக் ஆட்களை மேய்க்கிற போசனாக ஓய்வு பெற்றவன். வேதம் படித்த பண்டிதன் அல்ல. கெட்ட வார்த்தை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் உலக அனுபவம் உண்டு.

கேள்வி: ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவன் நான். தமிழில் ஒரு கெட்ட வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை. ஆனால் அலுவலகத்தில் எல்லோரும் மூச்சுக்கு மூச்சு அந்த 'எஃப்' வார்த்தையைச் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். மனசு உறுத்தவே இல்லை. உறுத்தவில்லையே என்பதுதான் இப்போது உறுத்துகிறது. இது பாவமா?
— ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

தம்பி, உறுத்தாததற்குக் காரணம் பக்தி குறைந்துபோனது அல்ல. தமிழ்க் கெட்ட வார்த்தை உங்கள் காதில் முதலில் விழுந்தபோது ஐந்தோ ஆறோ வயது இருந்திருக்கும். தெருவில் கேட்டதை வீட்டுக்குள் வந்து சொல்லியிருப்பீர்கள், முதுகில் ஒன்று விழுந்திருக்கும். அந்த அடி வார்த்தையோடு ஒட்டிக்கொண்டது. இங்கிலீஷ் வார்த்தை அடி இல்லாமல், சினிமா சப்டைட்டிலோடு வந்து சேர்ந்தது.

இதைக் கருவி வைத்தே அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் வாழும் துருக்கிக்காரர்களின் விரலில் மின்முனையை மாட்டி, வார்த்தைகளைக் காட்டியும் கேட்கவைத்தும் தோல் எவ்வளவு வியர்க்கிறது என்று பார்த்த ஆய்வு ஒன்று 2003இல் வெளியானது. கெட்ட வார்த்தைகளுக்குத் தாய்மொழியில் உடம்பு அதிகமாகத் துடித்தது. அதைவிடச் சுவாரசியம், சின்னப் பிள்ளையில் அம்மா அப்பா அதட்டும் "சீ, வெட்கமாயில்லை?" மாதிரியான பேச்சு. துருக்கி மொழியில் கேட்டபோது வளர்ந்த ஆட்களுக்கும் தோல் வியர்த்தது, இங்கிலீஷில் அதே அளவுக்கு இல்லை. ஆக, உங்கள் உறுத்தலைச் செய்கிறது பாதிக்குப் பாதி உங்கள் அம்மாதான்.

உங்களுக்கு உறுத்தவில்லை, சரி. கேட்கிறவனுக்கு? ஒரு கப்பலில் பிலிப்பைன்ஸ் ஆட்கள் பாதி, நம்மவர்கள் பாதி. நம்மூர்ப் பையன் ஒருவன், முதல் கப்பல் அவனுக்கு. எந்தக் கப்பலிலும் நடக்கிறபடி அடுத்தவன் மொழியில் முதல் பாடமாகக் கெட்ட வார்த்தையைக் கற்றுக்கொண்டான். அவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டு சொல்வதைப் பார்த்துவிட்டு, சமையற்காரரிடம் போய்ச் சிரித்துக்கொண்டே "புத்தாங் இனா மோ" என்றான். நம்மூரில் அம்மாவை இழுத்துத் திட்டுவோமே, அதே சங்கதி. பையனுக்கு அது வெறும் சத்தம். அந்த மனிதருக்கு அது மணிலாவில் இருந்த அவருடைய அம்மா. அன்றிலிருந்து பையன் தட்டில் சோறு விழும், குழம்பு விழாது. நாங்கள் நாலு பேர் நடுவில் போய்ப் பேசித்தான் சமாதானம் ஆயிற்று.

லேப்டாப் நின்றுபோனதற்கு லேப்டாப்பைத் திட்டினால் அதை நான் பாவக் கணக்கில் எழுத மாட்டேன். அசிங்கம், அவ்வளவுதான். உங்களுக்குக் கீழே வேலை பார்க்கும், பதில் சொல்ல முடியாத பிள்ளையை அதே வார்த்தையால் அடித்தால் கணக்கு வேறு. நான் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு (செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதற்கு)ப் போய் "கெட்ட வார்த்தை பேசினேன் சாமி" என்றால், "எந்த மொழியில்?" என்று எந்தச் சாமியாரும் கேட்டதில்லை. "யாரை?" என்றுதான் கேட்பார்கள்.

கேள்வி: நாங்கள் மன்னாரில் இருந்து வந்து மாண்ட்ரியலில் இருக்கிறோம். எங்கட மகன் பள்ளிக்கூடத்தால வந்து கோபம் வந்தால் "தபர்நாக்" என்று கத்துகிறான். வேலையிடத்திலும் அதையே கேட்கிறேன். அது கோயில் சாமான் ஒன்றின் பெயர் என்று ஒருவர் சொன்னார். உண்மையா? கண்டிக்க வேணுமா, விட வேணுமா?
— வாசகி, மாண்ட்ரியல்

உண்மைதான் தங்கச்சி. எனக்கு அந்தத் துறைமுகம் தெரியும். கடலை விட்டு செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் வெகுதூரம் உள்ளே போய்க் கட்ட வேண்டும், குளிர் எலும்பைத் தொடும். அங்கே கரையில் கயிறு வாங்கிக் கட்டுகிற ஆள் ஒருவர், கயிறு கை நழுவியதும் "ஓஸ்தி!" என்று கத்தினார். நம் பாட்டிமார் நற்கருணை அப்பத்தை ஓஸ்தி என்றுதானே சொல்வார்கள்! பறங்கியர் விட்டுப்போன சொல். எனக்கு ஒரு கணம் அந்த ஆள் யாருக்கோ நன்மை, அதாவது நற்கருணை, கொடுக்கப்போகிறார் என்று தோன்றியது. அடுத்து அவர் சொன்னதில் ஓஸ்தியோடு காலிஸ், காலிஸோடு தபர்நாக் என்று கோத்துக்கொண்டே போனார். காலிஸ் என்பது பூசையில் திராட்சை இரசம் ஊற்றும் கிண்ணம். தபர்நாக் என்பது நற்கருணைப் பேழை, அந்த அப்பத்தை வைத்திருக்கும் பெட்டி. அப்பம் வைக்கும் கிண்ணமான சிபுவாரும் உண்டு. பீடத்தில் இருக்கிற ஒரு சாமானையும் அந்த மனிதர்கள் விட்டுவைக்கவில்லை.

வேறெங்கும் இப்படி இல்லையா என்றால், கொஞ்சம் கொஞ்சம் உண்டு. ஸ்பானியரும் ஓஸ்தியைத் திட்டுக்கு எடுப்பார்கள். ஆனால் மாண்ட்ரியல் இருக்கிற கியூபெக் மாகாணம் மாதிரி மொத்தப் பூசைப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்த ஊரை நான் பார்த்ததில்லை. காரணம் அந்த ஊர்ச் சரித்திரம். 1960 வரைக்கும் அங்கே பிரெஞ்சுக்காரர்களுக்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அநாதை இல்லம், ஊருக்குள் எது சரி எது தவறு என்கிற தீர்ப்பு எல்லாமே திருச்சபையின் கையில். எத்தனை பிள்ளை பெறவேண்டும் என்பதில்கூடச் சாமியாருக்கு ஒரு வார்த்தை இருந்தது. அத்தனை அழுத்தத்துக்கும் வாயால்தான் பதில் சொல்ல முடிந்தது. எதைத் தொடக்கூடாதோ அதைத் தொட்டால்தானே திட்டுக்குக் காரம். 1960களில் 'அமைதிப் புரட்சி' என்று சொல்லும் மாற்றம் வந்தது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அரசாங்கத்துக்குப் போயின, கோயில்கள் காலியாயின. திட்டு மட்டும் காலியாகவில்லை. பேழை எங்கே இருக்கும் என்றே தெரியாத பிள்ளைகள்தான் இன்று அங்கே அதிகம் "தபர்நாக்" சொல்கிறவர்கள். பாரிஸில் போய் அதைச் சொன்னால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், கியூபெக்காரர் என்று சிரிப்பார்கள்.

2006இல் உங்கள் ஊர்ப் பேராயமே ஒரு வேலை செய்தது. அந்தத் திட்டு வார்த்தைகளைப் பெரிய எழுத்தில் விளம்பரப் பலகையில் போட்டு, கீழே அகராதி மாதிரி அதன் உண்மையான அர்த்தத்தை எழுதிவைத்தார்கள். ஆண்டுக் காணிக்கை திரட்டுவதற்கான விளம்பரம். எனக்கு அது பிடித்திருந்தது. முகம் சுளித்துக் கண்டிப்பதைவிட அதில் சாமர்த்தியம் அதிகம்.

உங்களுக்கும் அதே வழிதான். மகனுக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, ஆகிவிட்டதா? இன்னும் இல்லை என்றால் ரொம்ப வசதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பேழைக்குப் பக்கத்தில் கூட்டிப்போய், "நீ கத்துகிற சாமான் இதுதான், உன் அம்மம்மா மடு மாதா கோயிலில் முழந்தாளிட்டது இதற்கு முன்னால்தான்" என்று காட்டிவிடுங்கள். அடிக்க வேண்டாம். அடித்தால் என்ன ஆகும் என்று மேலே சோழிங்கநல்லூர் தம்பிக்கு எழுதியிருக்கிறேன், அந்த வார்த்தைக்கு இன்னும் பலம் ஏறும். இன்னொன்று, அங்கே வகுப்பு ஆசிரியர் முன்னால் அது லேசான வார்த்தை அல்ல. உங்களுக்குப் புரியவில்லை என்பதற்காக அவர்களுக்கும் புரியாது என்று பிள்ளை நினைத்துவிடக் கூடாது.

கேள்வி: நான் தஞ்சாவூர்ப் பெண். திருநெல்வேலியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். என் மாமியார் தினமும் விளக்கேற்றி இரண்டு மணி நேரம் பூஜை செய்கிறார். எழுந்ததும் என் மூன்று வயது மகனைப் பார்த்து "ஏ செத்த மூதி, சாப்பிட வாலே" என்கிறார். வாயில் நல்ல வார்த்தையே வராதா? குழந்தைக்குச் சாபம் பலித்துவிடாதா?
— பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பலிக்காது மகளே. அந்த ஊரில் "செத்த மூதி" என்பது தஞ்சாவூரில் "என் கண்ணே" என்பதற்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அத்தை "வாங்க தம்பி, சாப்பிடுங்க" என்று மகனிடம் மரியாதையாகப் பேசுகிற நாளில்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

மூதி என்பது மூதேவிதான். அவளும் ஒரு காலத்தில் கும்பிட்ட சாமி. பல்லவர் காலத்து, சோழர் காலத்துக் கோயில்களில் காக்கைக் கொடியோடு பிள்ளைகள் இருபுறமும் இருக்க உட்கார்ந்திருக்கிற அம்மாவைப் பார்த்திருப்பீர்கள், அவள்தான். வள்ளுவர் 'தவ்வை' என்று, திருமகளின் அக்காவாக அவளைச் சொல்கிறார். கும்பிட்ட தெய்வத்தை அப்புறம் திட்டாக்கிவிட்டோம். சனியனுக்கும் அதே கதி. சனிக்கிழமை எள் விளக்கு ஏற்றிவிட்டு, வாசலில் வழிமறிக்கும் ஆட்டை "ஏ சனியனே" என்கிற வீடுகள் எத்தனை.

அத்தையிடம் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் பூஜை முடித்த கையோடு சொல்லாதீர்கள். காப்பி குடித்த பிறகு சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் இளைஞர்கள் பேச்சுக்குப் பேச்சு "வல்லாஹி" என்கிறார்கள். கிரிக்கெட்டில் அவுட் இல்லை என்பதற்கும் அல்லாஹ் மேல் சத்தியம், டீக்கடையில் காசு கொடுத்துவிட்டேன் என்பதற்கும் அல்லாஹ் மேல் சத்தியம். கேட்டால், அரபியில் சொன்னால் வெறும் பேச்சு வழக்கு, தமிழில் சொன்னால்தான் சத்தியம் என்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
— கல்லூரி மாணவர், காயல்பட்டினம்

தம்பி, மார்க்கச் சட்டத்துக்கு உங்கள் ஊரில் ஆலிம்களுக்கா பஞ்சம்? அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். என்னோடு கப்பலில் இருந்த காயல்பட்டினத்துக் காக்கா (உங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தானே கூப்பிடுவீர்கள்) ஒருவர் சொன்னதை மட்டும் சொல்கிறேன். குர்ஆனிலேயே இரண்டு இடத்தில் இந்தப் பேச்சு வருகிறது. இரண்டாம் அத்தியாயம் 225ஆம் வசனத்தில், எண்ணமில்லாமல் வாய்தவறி வரும் சத்தியத்துக்கு இறைவன் பிடிக்கமாட்டான், மனசார நினைத்துச் சொன்னதற்குத்தான் பிடிப்பான் என்று இருக்கிறது. ஐந்தாம் அத்தியாயம் 89இல், மனசார உறுதியாகச் செய்த சத்தியத்தை முறித்தால் என்ன பரிகாரம் என்று இருக்கிறது. பத்து ஏழைகளுக்கு வீட்டில் சமைக்கிற தரத்தில் சாப்பாடு, இல்லையென்றால் உடை, அல்லது ஓர் அடிமையை விடுதலை செய்வது. எதற்கும் வசதியில்லாதவன் மூன்று நாள் நோன்பு. இரண்டு வசனத்திலும் மொழியைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. உள்ளே என்ன நினைப்பு என்பதுதான் கணக்கு. பேச்சு வழக்காக வருவது கிரிக்கெட்டில் சரி. டீக்கடைக்காரர் அதை நம்பிக் காசு கேட்காமல் விட்டால் அது பேச்சு வழக்கு அல்ல, காசு.

அந்தக் காக்கா இன்னொரு நபிமொழியும் சொல்வார், எனக்கு மறக்கவே மறக்காது. ஒருவன் தன் தாய் தகப்பனைச் சபிப்பது பெரும் பாவங்களில் ஒன்று என்றாராம் நபி. யாராவது சொந்தத் தாய் தகப்பனைச் சபிப்பார்களா என்று கேட்டார்கள். இவன் இன்னொருவனுடைய தகப்பனைத் திட்டுவான், அவன் திருப்பி இவன் தகப்பனைத் திட்டுவான், இவன் தாயைத் திட்டுவான், அப்படித்தான் என்று பதில் வந்ததாம். மெஸ்ஸில் சண்டை மூளும்போதெல்லாம் காக்கா இதைத்தான் எடுத்துப் போடுவார். இந்துப் பையன்கள், பிலிப்பைன்ஸ் கத்தோலிக்கர்கள், எல்லோரும் கேட்டுக்கொள்வார்கள். ஆளுக்கு ஒரு அம்மா இருக்கிறாளே.

கேள்வி: கேரளத்தில் கொடுங்கல்லூர் பகவதி கோயிலில் பரணித் திருவிழாவின்போது அம்மனைப் பார்த்தே ஆபாசமாகப் பாடுகிறார்களாமே. இதெல்லாம் பக்தியா? சாமி கண்ணைக் குத்தாதா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், உடுமலைப்பேட்டை

நேரில் பார்த்திருக்கிறேன் ஐயா. மீன மாதம் பரணிக்கு, நம் பங்குனிக் கணக்கில். கொச்சியில் கப்பல் நின்றபோது மலையாளத் தோழர் கூட்டிப்போனார். வடக்கே இருந்து கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். சிவப்புப் பட்டு கட்டி, வாள் ஏந்திய வெளிச்சப்பாடுகள் என்கிற சாமியாடிகள் தலையில் வெட்டிக்கொள்கிறார்கள், மஞ்சள் தூளை அப்பிக்கொள்கிறார்கள். கம்பால் தாளம் தட்டிக்கொண்டு பாடுகிற பரணிப் பாட்டு, அச்சில் ஏற்ற முடியாத பாட்டு. தோழர் எனக்கு மொழிபெயர்க்க ஆரம்பித்து மூன்றாவது வரியில் நிறுத்திக்கொண்டார். மலையாளம் நமக்குப் பாதி புரியுமே, அதுவே போதும் என்று விட்டுவிட்டேன்.

ஏன் அப்படிப் பாடுகிறார்கள் என்பதற்குப் பல காரணம் சொல்கிறார்கள். உக்கிரமான அம்மனைக் குளிரவைக்க என்பார் ஒருவர். காலம் காலமாகக் கோயிலுக்குள் விடாத மக்கள், 'காவு தீண்டல்' என்று கோயிலைத் தொட்டுச் சுற்றி ஓடுவதற்குக் கிடைத்த நாள் அது, அன்றைக்கு வாயையும் யாரும் கட்ட முடியாது என்பார் இன்னொருவர். அந்த அம்மன் நம் கண்ணகிதான் என்று நம்புகிறவர்களும் நிறைய. எனக்கு எது சரி என்பதைவிட, அந்தப் பாட்டு எங்கே நிற்கிறது என்பதுதான் பெரிதாகப் பட்டது. அந்தத் திருவிழாவோடு, அந்தச் சில நாள் மட்டும். அதே பாட்டை ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஒரு பெண்ணைப் பார்த்துப் பாடினால் அதற்குப் பக்தி என்று பெயர் கிடையாது, உதை விழும், விழத்தான் வேண்டும்.

நம் பக்கம் மட்டும் என்ன! திருமணத்தன்று கிழவராக வந்து "நீ என் அடிமை" என்று வம்பு பண்ணிய சிவனைச் சுந்தரர் பித்தன் என்றார். அப்புறம் ஆளைத் தெரிந்துகொண்டு எப்படிப் பாடுவது என்று தயங்கியபோது, பித்தன் என்றாயே, அப்படியே தொடங்கு என்கிறார் சிவன். பெரியபுராணத்தில் வருகிற கதை இது. எனக்கு இனி அர்ச்சனை உன் பாட்டுத்தான் என்றும் அங்கே ஒரு சொல் வருகிறது. நம் வீட்டில் மனைவியிடம் திட்டு வாங்கிவிட்டு வந்தவன் "நல்ல அர்ச்சனை" என்கிறானே, அவன் சைவ சித்தாந்தி என்று எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம். பிற்பாடு கண் போன கோபத்தில் திருவாரூரில் அதே சுந்தரர் "வாழ்ந்து போதீரே" என்று சிவனைப் பார்த்துப் பாடுகிறார். 'நீராவது நல்லா இரும்' என்று நாம் வயிறெரிந்து சொல்வோமே, அதே தொனி. அதைத் திருமுறையில் வைத்துக் கோயிலில் ஓதுகிறோம்.

சாமிக்குத் தாங்குகிற தெம்பு உண்டு ஐயா. நம்மைச் சுற்றி இருக்கிற மனிதர்களுக்குத்தான் கிடையாது.

கேள்வி: "ஆணையிடவே வேண்டாம், ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை" என்று இயேசு சொல்லியிருக்கிறார். ஒரு வழக்கில் சாட்சி சொல்லப் போகிறேன். கடவுள் மேல் ஆணையாக என்று சொல்ல வேண்டுமா?
— வாசகர், நாகர்கோவில்

வேண்டியதில்லை. 1969ஆம் ஆண்டின் ஆணையுறுதிச் சட்டப்படி, கடவுள் பெயரைச் சொல்லாமல் உறுதிமொழி கூறலாம். கோர்ட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சட்டசபையில் சில கட்சிக்காரர்கள் "உளமார உறுதி கூறுகிறேன்" என்று பதவியேற்பதும் அதே வகைதான். நாத்திகர்களுக்காக வந்த ஏற்பாடு என்று நம் ஆட்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1690களிலேயே இதைச் சண்டை போட்டு வாங்கியவர்கள் குவேக்கர்கள், வேத வசனத்தை அப்படியே பிடித்துக்கொண்ட கிறிஸ்தவர்கள். சத்தியம் செய்ய மாட்டேன் என்று ஜெயிலுக்குப் போனவர்கள் அவர்களில் உண்டு.

இயேசுவின் சீடர் பேதுருவை நினைத்துக்கொள்ளுங்கள். "அந்த மனுஷனை எனக்குத் தெரியாது" என்று பொய் சொன்ன இராத்திரி, அவர் சபிக்கவும் சத்தியம் பண்ணவும் ஆரம்பித்தார் என்று மத்தேயு எழுதியிருக்கிறார். பொய்க்குத்தான் சத்தியம் தேவைப்பட்டது. அவரும் மீன் பிடிக்கிற ஆள்தான், அதனால் அந்த இடத்தை எங்கள் கடற்கரையில் வாசிக்கும்போது எல்லோருக்கும் நன்றாகவே புரியும்.

கேள்வி: நீங்கள் கப்பலில் கெட்ட வார்த்தை பேசியதே இல்லையா?
— குறும்புக்காரன், திண்டுக்கல்

அப்படி ஒரு போசன் இருந்தால் கப்பல் கரையை விட்டே கிளம்பியிருக்காது.

கேள்வி: வெளிநாட்டில் கடவுளைத் திட்டினால் அபராதமாமே? நம் நாட்டில் வாயில் வந்ததையெல்லாம் பேசுகிறார்கள், கேட்பாரில்லை. இங்கேயும் அப்படிச் சட்டம் வந்தால் என்ன?
— வாசகர், கும்பகோணம்

இத்தாலியைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே கடவுள் பெயரோடு ஒரு மிருகத்தின் பெயரைச் சேர்த்துச் சொல்கிற வழக்கம் உண்டு. லிவோர்னோ துறைமுகத்தில் கிரேன் நின்றுபோனால் அதுதான் முதலில் கேட்கும். எனக்கு அது மட்டும் பழகவே இல்லை, ஒவ்வொரு தடவையும் கை தானாகச் சிலுவை போடும். 1930ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தில் அதற்குத் தண்டனை வைத்தார்கள். 1999இல் அதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்து, அபராதத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். கால்பந்து ஆட்டத்தில் வாயசைவைப் பார்த்துத் தண்டிக்கிறார்கள். 2020 டிசம்பரில் ரோமா அணியின் கிரிஸ்தாந்தே தன் கோலிலேயே பந்தைப் போட்டுவிட்டு, அந்த ஆத்திரத்தில் சொன்ன வார்த்தைக்காக அடுத்த ஒரு ஆட்டம் ஆடக்கூடாது என்று உத்தரவு வாங்கினார். அவ்வளவு சட்டம் இருந்தும் லிவோர்னோவில் வாய் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டில் கேட்பாரில்லை என்பதும் சரியல்ல. தெருச்சண்டை எஃப்.ஐ.ஆர். எதை எடுத்தாலும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் "294 பி" இருந்தது. பொது இடத்தில் ஆபாசமாகப் பேசியது. புதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 296 ஆகிவிட்டது.

ஆனால் நீங்கள் கேட்டதில் எனக்கு ஒரு சங்கடம். கும்பகோணத்துத் தெருவில் காதில் விழுகிற கெட்ட வார்த்தைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அதில் எத்தனை கடவுளைப் பற்றியது? நம் ஆட்கள் கடவுளை அதிகம் இழுப்பதில்லை. இழுப்பது அம்மாவை, அக்காவை, அப்புறம் சாதியை. "சண்டாளா" என்று பூஜை அறையில் இருந்து எழுந்துவந்து பேரனைத் திட்டுகிற தாத்தாவுக்கு அது கெட்ட வார்த்தை என்றே தெரியாது, புராணப் பேச்சு என்று நினைத்துக்கொண்டிருப்பார். தமிழ்நாட்டு அட்டவணைச் சாதிப் பட்டியலில் இருக்கிற ஒரு பெயர் அது. அந்தப் பெயரில் சாதிச் சான்றிதழ் வாங்குகிற மனிதரின் பிள்ளை பக்கத்து வீட்டில் படித்துக்கொண்டிருக்கலாம். இங்கிலீஷ் 'எஃப்' வார்த்தைக்குக் காதைப் பொத்துகிற வீடுகளில் இது சர்வ சாதாரணமாகப் புழங்குகிறது. அட்டவணைச் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஒருவரைப் பிறர் பார்வையில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவதற்கு 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தண்டனை உண்டு. தாத்தா பேரனைத் திட்டினால் அந்தச் சட்டம் வராதுதான். ஆனால் பேரன் எதைக் கற்றுக்கொள்கிறான்?

கடவுளின் பெயரை வீணாகச் சொல்லாதே என்பது எங்கள் கணக்கில் இரண்டாம் கட்டளை, சி.எஸ்.ஐ. காரர்கள் கணக்கில் மூன்றாவது. எண்ணில் சண்டை போட்டுக்கொள்கிறோம். கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டவன் மனிதன் என்றும் இரண்டு பேருமே ஞாயிற்றுக்கிழமை சொல்கிறோம். அப்படியென்றால் மனிதனைப் பெயர் சொல்லி மிதிப்பதை எந்தக் கட்டளையில் சேர்ப்பது? பைபிளில் யாக்கோபு தன் கடிதத்தில் இதைத்தான் கேட்கிறார். கடவுளைப் போற்றுகிற அதே நாக்கால், அவர் சாயலில் இருக்கிற மனிதரைச் சபிக்கிறோமே என்று. எனக்குப் புதுச் சட்டம் வேண்டாம் ஐயா, இருக்கிற கடிதத்தை வாசித்தால் போதும்.

கேள்வி: சுத்தியல் விரலில் பட்டால் என்ன சொல்வது? ஏதாவது ஒன்று சொல்லியே ஆகவேண்டியிருக்கிறதே.
— தச்சர், மார்த்தாண்டம்

சொல்லுங்கள், அடக்கவேண்டாம். பனிக்கட்டித் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு திட்டினால் கூடுதல் நேரம் வலி தாங்குகிறது என்று இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழகத்தில் 2009இல் சோதித்தே எழுதியிருக்கிறார்கள். பிலிப்பைன்ஸ்காரர்கள் "சுஸ்மரியோசேப்" என்பார்கள். சேசு, மரி, சூசை மூன்று பேரும் ஒரே மூச்சில். எங்கள் வீட்டில் பாட்டி இடி இடித்தாலும் பால் பொங்கி வழிந்தாலும் அதே மூன்று பேரைத்தான் "சேசு மரி சூசை" என்று கூப்பிடுவாள். அது செபமா திட்டா என்று அவளுக்கே தெரியாது. விரலில் பட்டால் இரண்டும் ஒன்றுதான். சுத்தியலைத் திட்டலாம், ஆணியைத் திட்டலாம். கூட வேலை பார்க்கிற பையனைத் திட்டாதீர்கள், அவன் பலகையைச் சரியாகத்தான் பிடித்திருப்பான்.

கேள்வி: (அச்சிட இயலாது)
— பெயர் எழுதாத அன்பர், தூத்துக்குடி

உங்கள் இன்லண்ட் லெட்டர் வந்தது. போன மாதப் பதிலுக்கு என் மேல் இவ்வளவு கோபம் என்று தெரிந்துகொண்டேன். மூன்றாவது வரியில் 'ற' வரவேண்டிய இடத்தில் 'ர' போட்டிருக்கிறீர்கள், அதனால் திட்டு வேறு அர்த்தமாகிவிட்டது, கிட்டத்தட்டப் பாராட்டு மாதிரி. ஐந்தாவது வரியில் என் அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அம்மா போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆயிற்று. இருந்திருந்தால் கடிதத்தை அவரிடமே கொடுத்திருப்பேன். மீன் ஏலத்தில் குரல் கொடுத்து எங்களை வளர்த்தவர். உங்கள் முகவரி தெரியாவிட்டாலும் உங்கள் காதில் விழுகிற மாதிரிப் பதில் சொல்லியிருப்பார்.